நோசிசெப்டருக்கு ‘வலியுணரி’ சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

உடம்புக்குத் தீங்கு வந்தா சேதி அனுப்பற நரம்பு முனைதான் நோசிசெப்டர். நம்ம கலைச்சொல் பட்டியல்ல அதுக்கு ‘வலியுணரி’ன்னு வச்சுக்கலாம்னு ஐயா போட்டிருந்தாரு, ரெண்டு மூணு பேரு சரின்னும் சொல்லிட்டீங்க. காதுக்கு நல்லாத்தான் இருக்கு, சின்னதாவும் இருக்கு, ஆனா எனக்கு ஒப்பல. அந்த நரம்பு முனை வலிய உணர்றதே கிடையாதே!

நான் தியேட்டர்ல மயக்கமருந்து டெக்னீஷியன் (சினிமா தியேட்டர் இல்லீங்க). நோயாளி முழு மயக்கத்துல கெடப்பாரு, சர்ஜன் தோல்ல கத்திய வைப்பாரு, உடனே மானிட்டர்ல 70ல ஓடிட்டிருந்த நாடித்துடிப்பு மளமளன்னு ஏறும், பிரஷரும் கூடும், டாக்டர் வலிமருந்து ஃபென்டனில் இன்னும் கொஞ்சம் போடும்பாரு. கண்ணு முழிச்சப்புறம் அவருகிட்ட கேட்டா ஒண்ணுமே தெரியலம்பாரு. அப்ப அங்க வலின்னு ஒண்ணு இல்ல, வலிக்கணும்னா ஆளுக்கு நெனவு இருக்கணும். ஆனா தோல்ல இருக்கற நரம்பு முனைங்க தண்டுவடத்துக்கு சேதி அனுப்பிக்கிட்டேதான் இருந்துச்சு, அதனாலதான் நாடி ஏறுச்சு. இதுக்கு நேர் தலைகீழ், கால எடுத்தவங்களுக்கு வர்ற மாய உறுப்பு வலி. பாதமே இல்ல, பாதத்துல இருந்த நரம்பு முனையும் இல்ல, ஆனா பெருவெரல் முறுக்குதுன்னு அழுவாங்க. நம்ம ஊர் நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரன் கண்ணாடிப் பெட்டி வச்சு வைத்தியம் பாத்தது இந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான். ஆக முனை வேல செஞ்சும் வலி இல்லாம போகுது, முனையே இல்லாமலும் வலி வருது. அப்புறம் எப்படி அதுக்கு ‘வலி’ய ஒட்டிப் பேரு வைக்கிறது? வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கமே 2020ல வரையறைய திருத்தினப்ப வலி வேற, நோசிசெப்ஷன் (அந்த முனைங்க சேதி அனுப்பற வேல) வேறன்னு தெளிவா எழுதிட்டாங்க. 1906ல இந்தப் பேர வச்ச உடலியல் அறிஞர் செரிங்டனும் ‘தீங்கு செய்’ங்கற லத்தீன் வேரத்தான் எடுத்தாரு.

இதுக்கு மாத்தா அக்கா சொன்ன ‘ஊறுணரி’ எனக்கு ரொம்பப் பிடிச்சுது, ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு. ‘ஊறு விளைவிக்காதே’ன்னா தீங்கு. அதே ஊறு ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ங்கற எடத்துல தொடுவுணர்ச்சி. வள்ளுவரே ரெண்டு பொருள்லயும் வச்சிருக்காரு, ‘ஊறொரால்’னு வர்ற எடத்துல அது இடையூறு. இலக்கியத்துல இது அழகு, உடலியல் பாடத்துல வெனையாயிடும், ஏன்னா தொடுகைக்கும் தீங்குக்கும் தோல்லயே ஏற்பாடு வேற வேற. லேசா தடவுனா, அழுத்துனா, அதிர்ந்தா சேதி சொல்ல மைஸ்னர், மெர்க்கல், பசீனியன்னு தனித்தனி அமைப்பு இருக்கு, அதுலேர்ந்து கெளம்புற தடிச்ச ஏ-பீட்டா நரம்பு நொடிக்கு 35லேர்ந்து 75 மீட்டர் வேகத்துல போகும். தீங்கச் சொல்ற முனைங்களுக்கு அப்படி எந்த உறையும் கிடையாது, வெறும் நுனிதான். 2006ல வட பாகிஸ்தான்ல மூணு குடும்பத்துப் பிள்ளைங்கள ஆராய்ஞ்சாங்க, எஸ்சிஎன்9ஏ மரபணுல கோளாறு, தொட்டா தெரியும், சூடு குளிர்ச்சி தெரியும், வலி மட்டும் பொறந்ததுலேர்ந்தே இல்ல. அந்த ஆராய்ச்சிக்குத் தூண்டுதலே வேற ஒரு பையன்தான், தெருவுல கைய கத்தியால குத்திக்கிட்டும் தணல்ல நடந்தும் வித்தை காட்டிட்டிருந்தவன், 14 வயசு முடியறதுக்குள்ள கூரைலேர்ந்து குதிச்சு செத்துட்டான். தொடுகை, தீங்கு ரெண்டையும் ஒரே ‘ஊறு’ல போட்டா மாணவங்க கொழம்பித்தான் போவாங்க.

அதனால ‘தீங்கு’தான் என் ஓட்டு. அடுத்தது ‘உணரி’யா வேற ஏதாச்சுமான்னு பாக்கணும். உணர்றது ஆளோட வேல, நரம்பு செய்யறது உணர்த்தறது. அதான் தீங்குணர்த்தின்னு சொல்றேன், அது செய்யற காரியம் தீங்குணர்த்தல், அதுக்கப்புறம் மூளைல நடக்கறதுதான் வலி, அது வலியாவே இருக்கட்டும். கடத்தி, காட்டின்னு அறிவியல்ல ஏற்கனவே புழங்கற அச்சுதான். ‘தீங்கேற்பி’யும் யோசிச்சேன், தீங்க வரவேற்கற மாதிரி இருக்கு, வேண்டாம்.

மொளகா சாப்ட்டா தீங்கு ஒண்ணுமே இல்லியே, அப்பயும் எரியுதேன்னு யாராச்சும் கேப்பீங்க. நியாயந்தான். 1997ல டேவிட் ஜூலியஸ் குழு கண்டுபிடிச்ச டிஆர்பிவி1ங்கற புரதம் 43 டிகிரி சூட்டுக்கு மேல தெறக்கும், மொளகால இருக்கற கேப்சைசினுக்கும் தெறக்கும் (2021ல நோபல் குடுத்தாங்களே). அங்க உணர்த்தி பொய்ச் சேதி அனுப்புது, அவ்ளோதான். ‘உணரி’ன்னு வச்சா இல்லாதத எப்படி உணரும்னு கேள்வி வரும், ‘உணர்த்தி’ பொய்யும் சொல்லலாம்ல.

அப்புறம் தீங்குச் சேதி கொண்டுபோற ஏ-டெல்டா, சிங்கற ரெண்டு வகை நரம்பால வர்ற வலிக்கு வேகவலி, மெதுவலின்னு பட்டியல்ல போட்டிருந்தீங்க, அதையும் ஒருவாட்டி பாக்கணும். கால் கட்டைவெரல கதவு நெலைல இடிச்சுக்கிட்டா மொதல்ல சுரீர்ங்கும், அடுத்த மூச்சுக்குள்ள விண்ணு விண்ணுன்னு ஒரு கடுப்பு வந்து உக்காந்துக்கும். மொதல்ல வர்றது ஏ-டெல்டா, நொடிக்கு 5லேர்ந்து 30 மீட்டர். பின்னால வர்றது சி, மெல்லிசு, மேல மயலின்ங்கற கொழுப்பு உறை கிடையாது, 0.5லேர்ந்து 2 மீட்டர்தான், கால்லேர்ந்து தண்டுவடத்துக்கு ஒரு மீட்டர்னு வச்சாக்கூட ஒரு நொடி போல ஆயிடும். நம்ம சனங்ககிட்ட சுரீர், கடுப்பு, குடைச்சல், உளைச்சல்னு இவ்ளோ சொல்லு கெடக்கு, வேகவலின்னு சவசவன்னு ஏன் வைக்கணும்? சுரீர்வலி, கடுப்புவலின்னே வச்சா என்ன, பரீட்சைல எழுத வெக்கமா இருக்குமோ?

தீங்குணர்த்திக்கு மறுப்பு இருந்தா சொல்லுங்க, இல்லாட்டி பட்டியல்ல ஏத்திடலாம். நமைச்சல் இன்னும் பாக்கி. அதுவும் சி நரம்பு வழியாத்தான் வருது, ஆனா தீங்குன்னு சொல்ல முடியாது. அதுக்குத் தனியா ‘நமைச்சலுணர்த்தி’ன்னு போடலாமா, ரொம்ப நீளுதா?