வரி கட்டுபவரா, நம்புபவரா: யார் கத்தோலிக்கர்? உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

ரைன்கரை எழுதியது:

ஜெர்மனிக்கு வந்து முகவரி பதியும்போது கொடுக்கிற படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ரோமன் கத்தோலிக்கம் என்று எழுதிக் கொடுத்தேன். முதல் சம்பளச் சீட்டு வந்தபோது வருமான வரிக்குக் கீழே இன்னொரு வரி பிடித்திருந்தார்கள்: திருச்சபை வரி. வருமான வரியில் 9 சதவீதம். பவேரியாவிலும் பாடன் வுர்ட்டம்பெர்க்கிலும் 8. உங்கள் வருமான வரி 500 யூரோ என்றால் கூடவே 45 யூரோ போகும். அரசாங்கமே பிடித்துத் திருச்சபையிடம் கொடுத்துவிடும். "மதம் இல்லைன்னு எழுதியிருக்கலாமே அண்ணே" என்று கூட வேலை பார்க்கும் நம் ஊர்த் தம்பிகள் சொன்னார்கள். ஊரில் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி கொடுத்துப் பழகிய குடும்பம் எங்களுடையது. இங்கேயும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த வரியை வைத்துத்தான் இங்கே யார் உள்ளே, யார் வெளியே என்று முடிவாகிறது. எனக்குத் தெரிந்த இரண்டு பேரைப் பற்றி எழுதுகிறேன்.

ஒருவர் என் அலுவலகத்தில் வேலை செய்பவர், நல்ல மனிதர். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேச்சு இயேசுவின் உயிர்ப்பைப் பற்றித் திரும்பியது. "செத்தவர்கள் எழுந்து வருவதில்லை, சீடர்களுக்கு அவர் நினைவு உயிரோடு இருந்தது, அவ்வளவுதான்" என்றார். அதில் கோபமோ கிண்டலோ இல்லை. பூசையில் கிறிஸ்துவின் உடல் என்று வாங்குகிற நற்கருணை? வெறும் அப்பம். பாவசங்கீர்த்தனம்? சிறு வயதோடு சரி. கடவுள்? ஏதோ ஒரு சக்தி இருக்கலாம். அப்புறம் ஏன் வரி கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். அவருடைய அம்மாவைக் கடைசி மாதங்களில் திருச்சபையின் தொண்டு அமைப்பான காரித்தாஸ் ஆட்கள்தான் வீட்டுக்கு வந்து குளிப்பாட்டிப் பார்த்துக்கொண்டார்களாம். "அதை நான் மறக்க மாட்டேன்" என்றார். போன வருடம் தங்கை குழந்தைக்கு அவர்தான் ஞானத்தகப்பன். பங்கு அலுவலகத்தில், அதாவது அந்த ஊர்க் கோயில் அலுவலகத்தில், அவர் உறுப்பினர் என்று சான்றிதழ் கொடுத்தார்கள், வேறு கேள்வி எதுவும் இல்லை. திருமுழுக்கில் குருவானவர், "எல்லாம் வல்ல தந்தையாகிய கடவுளை நம்புகிறீர்களா?" என்று கேட்டார். மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டு இவர் "நம்புகிறேன்" என்றார். நான் இரண்டு வரிசை பின்னால் இருந்தேன்.

இன்னொருவர் கோயிலில் எனக்கு முன் பெஞ்சில் உட்காரும் அம்மா. ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது எழுபதுக்கு மேல். பல வருடங்களாகப் பூசையில் வேதாகம வாசகம் வாசித்தவர். சிறுவர்கள் மீதான பாலியல் வன்கொடுமை பற்றி 2021இல் கொலோன் மறைமாவட்டத்தின் அறிக்கை வந்தது, 2022 ஜனவரியில் மியூனிக் அறிக்கை. இரண்டையும் பக்கம் பக்கமாக வாசித்திருக்கிறார். அதோடு நீதிமன்ற அலுவலகத்துக்குப் போய் 30 யூரோ கட்டி, திருச்சபையை விட்டு விலகுவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இங்கே அதைப் பதிவு செய்வது அந்த அலுவலகம்தான். கொஞ்ச நாளில் பங்கிலிருந்து கடிதம் வந்தது. நற்கருணை கிடையாது, ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) கிடையாது, ஞானத்தாயாக இருக்க முடியாது. ஆனால் ஒரு ஞாயிறு தவறாமல் வருகிறார். விசுவாசப் பிரமாணத்தைச் சத்தமாகச் சொல்கிறார். நாங்கள் நற்கருணைக்கு எழுந்து போகும்போது முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருகிற என் அலுவலக நண்பர் போய் வாங்கிக்கொள்கிறார்.

இது எனக்குச் சரியாகப் படவில்லை. நண்பரை வெளியே தள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த அம்மாவை ஏன் உட்கார வைத்திருக்கிறோம் என்றுதான் கேட்கிறேன். 2022இல் மட்டும் ஜெர்மனியில் 5,22,821 கத்தோலிக்கர் விலகினார்கள், 2023இல் 4,02,694 பேர். விலகாமல் இருப்பவர்களிடம் கேட்டால், கிறிஸ்துவில் தம்மை வெளிப்படுத்திய கடவுளை நம்புகிறேன் என்பவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்று 2023 நவம்பரில் வந்த திருச்சபை உறுப்பினர் ஆய்வு சொல்கிறது. அப்படியானால் அந்தப் பட்டியல் எதைக் கணக்கெடுக்கிறது?

பவேரியாவில் ஒரு சாமியார் எழுதியது:

அந்த மாதிரிக் கடிதங்களில் கையெழுத்துப் போடுகிறவன் நான், அதனால் எழுதுகிறேன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மூன்று கிராமங்களின் கோயில்களைப் பார்த்துக்கொள்கிறேன். விலகியவர்களின் பெயர்கள் அரசு அலுவலகத்திலிருந்து எங்களுக்கு வந்து சேரும். இந்தத் தடைகளைச் சொல்கிற ஜெர்மன் ஆயர்களின் ஆணை 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பங்குத்தந்தை அவர்களைச் சந்தித்துப் பேச அழைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. பலர் அந்த வாக்கியத்தைக் கவனிப்பதே இல்லை, கீழே உள்ள தடைகள்தான் கண்ணில் படுகின்றன. நான் முடிந்தவரை தபாலை நம்பாமல் நேரில் போய்க் கதவைத் தட்டுகிறேன்.

ஒரு வீட்டில் இளைஞர் ஒருவர் கைக்குழந்தையோடு கதவைத் திறந்தார். கோபம் இருக்கும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அவரிடம் கோபமே இல்லை. உள்ளே கூப்பிட்டுக் காபி போட்டுக் கொடுத்தார். "ஃபாதர், ஊழல், முறைகேடு எதற்காகவும் நான் போகவில்லை. நீங்கள் சொல்கிற எதையும் நான் நம்பவில்லை. பொய் சொல்லிக்கொண்டு உள்ளே இருப்பது உங்களுக்கும் மரியாதை இல்லை" என்றார். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். விசுவாசத்தைப் பற்றி இந்த ஊரில் என்னிடம் அவ்வளவு அக்கறையோடு பேசியவர்கள் குறைவு.

ரைன்கரை சகோதரர் கேட்டதற்கு வருகிறேன். திருச்சபைச் சட்டம் 96ஆம் எண்ணில், திருமுழுக்கால்தான் ஒருவர் திருச்சபையில் இணைகிறார் என்கிறது. 205ஆம் எண்ணில் முழு ஒன்றிப்புக்கு மூன்று பிணைப்புகளைச் சொல்கிறது: விசுவாச அறிக்கை, அருட்சாதனங்கள் (திருமுழுக்கு, நற்கருணை போன்றவை), திருச்சபையின் ஆளுகை. வரி அதில் இல்லை. 2006இல் ரோமிலிருந்து வந்த கடிதம், அரசு அலுவலகத்தில் விலகல் எழுதிக் கொடுப்பது மட்டும் திருச்சபையைத் துறப்பதாகிவிடாது, உள்ளத்தில் அந்த முடிவு இருக்க வேண்டும், திருச்சபை அதிகாரியிடம் அதைத் தெரிவிக்க வேண்டும் என்றது. ஃப்ரைபுர்க்கைச் சேர்ந்த திருச்சபைச் சட்டப் பேராசிரியர் ஹார்ட்மூட் சாப் இதைப் பிடித்துக்கொண்டு, வரி பிடிக்கிற அமைப்பிலிருந்துதான் விலகுகிறேன், விசுவாசக் கூட்டத்திலிருந்து அல்ல என்று வழக்காடினார். 2012 செப்டம்பர் 26 அன்று லைப்சிக்கில் உள்ள நிர்வாக வழக்குகளுக்கான உச்ச நீதிமன்றம், அப்படிப் பாதி விலக முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆயர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு: சுமையைப் பகிராமல் உறவு மட்டும் வேண்டும் என்பது சரியா? என் சம்பளமே அந்த வரியிலிருந்துதான் வருகிறது. இருந்தாலும் சொல்கிறேன், அந்த அம்மாவுக்கு விதித்த தடை அளவுக்கு மிஞ்சியது. ஞானப்பெற்றோர் விசுவாச வாழ்வு வாழ்பவராக இருக்க வேண்டும் என்று 874ஆம் சட்டம் கேட்கிறது. அதை நாங்கள் விசாரிப்பதே இல்லை, சான்றிதழோடு நிறுத்திக்கொள்கிறோம்.

டூயிஸ்பர்க் தமிழ்ச்செல்வி எழுதியது:

ஆகஸ்ட் மாதம் கெவலாருக்கு வந்து பாருங்கள். நெதர்லாந்து எல்லைப் பக்கத்துச் சின்ன ஊர். துன்புறுவோருக்கு ஆறுதலான மாதாவின் சிறு படம் ஒன்றுக்காக 1642இலிருந்து சனம் போகிற இடம். தமிழர் யாத்திரை நாளில் ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கில் வருவார்கள். அதில் பெரும் பகுதி சைவர்கள். என் அம்மம்மாவும் சைவம். ஊரில் இருந்தபோது மடு மாதாவிடம் போவா, இங்கே கெவலாருக்கு. திருநீறு பூசின நெற்றியோடு ஆள் உயர மெழுகுதிரி பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பா. சண்டையில் காணாமல் போன மாமாவுக்காக. பூசை முடியும்வரை நிற்பா, நற்கருணைக்கு மட்டும் போக மாட்டா. "அது அவையள் உண்மையிலேயே சாமியெண்டு நம்பிச் சாப்பிடுறது, நான் தொடக்கூடாது" என்பா. யார் நம்புகிறவர் என்று கருத்துக்கணிப்பில் கேட்டால் அம்மம்மாவை எந்தக் கட்டத்தில் போடுவார்கள்? அவ எந்தப் பட்டியலிலும் இல்லை.

நியூஜெர்சி மறைக்கல்வி ஆசிரியை எழுதியது:

தமிழ்ச்செல்வி, உங்கள் அம்மம்மாவுக்குத் தெரிந்தது இங்கே பல பேருக்குத் தெரியாது. அமெரிக்காவில் 2019இல் பியூ என்கிற ஆய்வு நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு வந்தபோது பங்கு பங்காகப் பதறினார்கள். அப்பமும் இரசமும் உண்மையாகவே கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் ஆகின்றன என்று நம்புகிற கத்தோலிக்கர் 31 சதவீதம்தான், மற்றவர்கள் அடையாளம் என்கிறார்கள் என்று செய்தி. அதே ஆய்வின் உள்ளே இருந்த இன்னொரு எண்தான் என்னை உலுக்கியது. 43 சதவீதம் பேர் அடையாளம் என்று நம்புவதோடு, திருச்சபையின் போதனையும் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். போதனை தெரிந்தும் மறுத்தவர்கள் 22 சதவீதம்தான். ஆக, பாதிப் பேர் விசுவாசத்தை விட்டு ஓடவில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேள்வியை வேறு விதமாகக் கேட்ட இன்னொரு ஆய்வில், 2023இல், நம்புபவர்கள் 64 சதவீதம் என்று வந்தது.

புது நன்மைக்கு, அதாவது முதல் நற்கருணைக்கு, தயாராகும் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் ஒருவர், மெக்ஸிகோவிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி, "அது இயேசுவை நினைவுபடுத்துகிற அப்பம்தானே டீச்சர்" என்றார். கூட்டம் முடிந்து கோயில் வழியாக வெளியே போகும்போது நற்கருணைப் பேழைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி, சிமென்ட் ஒட்டிய வேலை ஜீன்ஸோடு இரண்டு முழங்காலும் தரையில் பட மண்டியிட்டார். வெறும் நினைவுக்கு யாரும் அப்படி மண்டியிட மாட்டார்கள். அதற்கடுத்த வாரம் அவருக்கு, என் சதை உண்மையான உணவு என்று இயேசு சொல்கிற யோவான் நற்செய்தி ஆறாம் அதிகாரத்தை உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். "இதை ஏன் முப்பது வருடமாக யாரும் சொல்லவில்லை?" என்று கேட்டார். எங்கள் வேலை அங்கேதான் இருக்கிறது. பட்டியலைச் சுத்தம் செய்வதில் எனக்கு ஆர்வமில்லை.

ரைன்கரை எழுதியது:

ஃபாதர், போன ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த அம்மாவிடம் இங்கே பேசியதைச் சொன்னேன். திரும்பச் சேர வழி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். 2024இல் 3,21,611 பேர் வெளியே போன நாட்டில் நாலாயிரத்துச் சொச்சம் பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். அவர் இப்போதைக்குச் சேரப் போவதில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பதில் சொல்லாத வரையில் என் கையெழுத்தை மாற்ற மாட்டேன் என்கிறார். ஒரே ஒரு கவலைதான் அவருக்கு: செத்தால் சாமியார் வந்து மந்திரிப்பாரா, கணவரின் கல்லறையில் ஜெபம் சொல்லி வைப்பார்களா?

பவேரியாவில் ஒரு சாமியார் எழுதியது:

சாகும் ஆபத்தில் இருப்பவருக்கு அருட்சாதனங்கள் உண்டு, ஆணையே அந்த விலக்கைத் தருகிறது. அடக்கத்தைப் பொறுத்தவரை, இறக்கும் முன் மனம் மாறிய அடையாளம் எதுவும் இல்லையென்றால் மறுக்கலாம் என்றுதான் இருக்கிறது, மறுத்தே தீர வேண்டும் என்று இல்லை. அதனால் இப்போதே அவரை அவருடைய பங்குத்தந்தையிடம் கூட்டிப் போங்கள். தாம் கத்தோலிக்க விசுவாசத்தில் இருப்பதாகவும் திருச்சபை முறைப்படி அடக்கம் வேண்டும் என்றும் தம் கைப்பட எழுதித் தேதி போட்டு ஒரு பிரதி அவரிடம், ஒரு பிரதி பிள்ளைகளிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அடக்க நேரத்தில் பிள்ளைகள்தான் பேச வேண்டியிருக்கும், அவர்களிடம் காகிதம் இருக்க வேண்டும். அந்தப் பங்குத்தந்தை தயங்கினால் எனக்குத் தனியாக எழுதுங்கள், நான் அவரோடு பேசுகிறேன்.