வளைபாதம்: மாவுக்கட்டா, ஆபரேஷனா? வீட்டில் மூன்று கட்சி

கோவில்பட்டி அப்பா
வணக்கம். முதல் குழந்தை, பையன், பிறந்து 16 நாள் ஆகிறது. இரண்டு பாதமும் உள்பக்கம் மடங்கி, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. ஐந்தாம் மாத ஸ்கேனில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே முதலில் பார்த்த டாக்டர், "ஏழெட்டு மாதம் போகட்டும், ஆபரேஷன் செய்து ஒரேயடியாக நேராக்கிவிடலாம்" என்றார். மதுரையில் பார்த்தவர், நாளைக்கே வந்தாலும் மாவுக்கட்டு ஆரம்பிக்கலாம், வாரம் ஒன்றாக ஐந்தாறு கட்டு, அப்புறம் நாலு வயது வரை நடுவில் கம்பி வைத்த ஷூ என்கிறார். பொன்செட்டி முறையாம். எனக்கும் மனைவிக்கும் மதுரைக்காரர் சொன்னதுதான் மனதுக்குப் படுகிறது. மாமனார் ஆபரேஷன் கட்சி. அம்மா, எண்ணெய் போட்டு நீவினாலே சரியாகிவிடும் என்கிற கட்சி. கிரகணத்தன்று மனைவி வெளியே வந்ததுதான் காரணம் என்ற அத்தையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நிலாவின் அம்மா
மதுரைக்கே போங்கள் தம்பி, ஏழெட்டு மாதமெல்லாம் காத்திருக்க வேண்டாம். என் மகளுக்கு வலது கால், இப்போது ஐந்து வயது. பதினோராம் நாள் முதல் கட்டு. பச்சைப்பிள்ளையின் பாத எலும்பில் பெரும்பகுதி இன்னும் குருத்துதான், மூட்டுகளைப் பிணைக்கும் நார்களும் இழுத்தால் கொடுக்கும். டாக்டர் சில நிமிடம் பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பிப் பிடிப்பார். எவ்வளவு வந்ததோ அந்த நிலையிலேயே விரலிலிருந்து தொடை வரை கட்டு. அடுத்த வாரம் அவிழ்த்து இன்னும் கொஞ்சம். முழங்காலுக்குக் கீழேயே கட்டை நிறுத்துகிற இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அது நழுவும், திருப்பியதும் நிற்காது.

முதல் கட்டோடு பார்க்கும்போது பாதம் முன்னைவிடக் கோணலாகத் தெரியும், பயந்துவிடாதீர்கள். முன்பாதத்தைத் தூக்கி வைத்துத்தான் தொடங்குவார்கள். அன்று இரவு நான் தூங்கவே இல்லை. டார்ச் அடித்து, பெருவிரலை அழுத்தி, வெளுத்தது மறுபடி சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது கட்டில் நாலாம் நாள் விரல்களே உள்ளே போய்விட்டன. கட்டு நழுவிவிட்டது என்று அர்த்தம். அன்றே பஸ் ஏறினோம். கட்டு மாற்றுகிற நாள் காலையில் வெந்நீரில் ஊறவைத்து, நுனியைத் தேடிப் பிடித்து, சுற்றுச் சுற்றாக நானே உரிப்பேன். வீடெல்லாம் வெள்ளையடித்த வாசம். ஆறு வாரம் பிள்ளையைத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்ட முடியாது, துடைப்பதோடு சரி. அதற்குத்தான் என் மாமியார் அழுதார், காலுக்கு அழவில்லை.

தறிக்காரன்
எல்லாரும் மாவுக்கட்டு புகழே பாடுவதால் மறுபக்கத்தையும் எழுதுகிறேன். என் தங்கை மகனுக்கும் இதே பொன்செட்டிதான். ஐந்து கட்டில் கால் நேராகிவிட்டது, இனிப்பெல்லாம் கொடுத்தோம். பிறகு வந்தது ஷூ. முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அப்புறம் தூங்குகிற நேரமெல்லாம். தங்கையும் மாப்பிள்ளையும் மில்லில் ஷிப்ட். பிள்ளை என் அம்மாவிடம். அவன் வீறிட்டு அழுவான், "தூளிக்கம்பு போதாதென்று காலிலும் ஒரு கம்பா" என்று அம்மா கழற்றிவிடும். இரண்டரை வயதில் பாதம் மறுபடி உள்ளே திரும்பியது. திரும்பவும் கட்டு, மூன்றரை வயதில் ஆபரேஷன். ஆக, ஆபரேஷனும் ஆயிற்று, மூன்றரை வருடமும் போயிற்று. முதலிலேயே செய்திருந்தால் என்ன?

இன்னொன்று. அறுவை இல்லாத சிகிச்சை என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டு, கடைசிக் கட்டுக்கு முன்னால் குதிகால் நரம்பை வெட்டுகிறார்கள். அதற்கு என்ன பெயர்?

எலும்புத்துறை மாணவன்
தறிக்காரன் அண்ணா, பெயர் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். வெட்டு வெட்டுதான், பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வெட்டுவது நரம்பை இல்லை, குதிகால் தசைநாணை, அதாவது கெண்டைச்சதையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் நாரை. பெரும்பாலான குழந்தைகளுக்குத் தேவைப்படும். சில மில்லிமீட்டர் துளை, தையல்கூட வேண்டியிருக்காது, பல இடங்களில் மரத்துப்போகிற ஊசியோடு முடித்துவிடுவார்கள். மூன்று வாரக் கட்டுக்குள் தசைநாண் நீளமாக வளர்ந்து சேர்ந்துவிடும்.

கோவில்பட்டியில் சொன்ன ஆபரேஷன் அநேகமாக வேறு. கணுக்காலின் பின்புறமும் உட்புறமும் திறந்து, மூட்டு உறைகளையும் நார்களையும் வெட்டித் தளர்த்துவது. உங்கள் தங்கை மகனுக்கு அந்த வயதில் செய்தது, முன்பக்கத் தசைநாண் ஒன்றை வெளிப்பக்கம் மாற்றிப் பொருத்துவதாக இருக்க வேண்டும். அதில் மூட்டைத் திறப்பதில்லை. கால் திரும்பினால் செய்ய வேண்டியது என்று பொன்செட்டியே தன் முறைக்குள் வைத்திருந்ததுதான் அது.

அவர் கதை சுவாரசியமானது. 1914இல் ஸ்பெயினின் மெனோர்க்கா தீவில் பிறந்தவர், உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்து, தோற்ற பக்கத்தில் இருந்ததால் நாட்டைவிட்டு வெளியேறி, 1941இல் அமெரிக்காவின் அயோவாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஆபரேஷன் செய்த வளைபாதங்கள் தழும்பேறி விறைத்துக் கிடப்பதைப் பார்த்துத்தான் இந்த வழிக்கு வந்தார். 1963இல் கட்டுரை எழுதியும் முப்பது வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதற்கு முன்பே அட்லாண்டாவில் கைட் என்பவரின் கட்டு முறை இருந்தது. அதில் அழுத்தம் கொடுக்கும் இடமே தவறு, மாதக்கணக்கில் கட்டியும் பல கால்கள் நேராகவில்லை. மூத்த டாக்டர்கள் சிலர் "கட்டெல்லாம் நிற்காது" என்பது அந்த அனுபவத்தில். 1990களின் கடைசியில் பெற்றோர்கள் இணையத்தில் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் பொன்செட்டி பரவியது, டாக்டர்கள் பின்னால் வந்தோம்.

இடதுகால்
நான் 1983இல் பிறந்தவன். எட்டாம் மாதத்தில் மாணவர் தம்பி சொன்ன அந்தப் பெரிய ஆபரேஷன். யார் மீதும் குறை இல்லை, அன்று அதுதான் வழக்கம். பாதம் தரையில் தட்டையாகத்தான் ஊன்றுகிறது. ஆனால் கணுக்கால் மடங்காது. குந்தி உட்கார்ந்தால் பின்னால் சாய்ந்து விழுவேன். இந்தியக் கழிப்பறை உள்ள சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களை இருபது வருடமாகத் தவிர்க்கிறேன், காரணம் யாருக்கும் தெரியாது. பஸ் படியில் இறங்கும்போது வலது காலைத்தான் முதலில் போடுவேன். முப்பத்தைந்துக்கு மேல் வலி சேர்ந்துகொண்டது. "ஒரேயடியாக" என்று டாக்டர் சொன்னாராமே, எனக்குப் பதினோரு வயதில் இரண்டாவது ஆபரேஷனும் நடந்தது.

நாட்டுமருந்து நேசன்
எங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இதே மாதிரி இருந்தது. பாட்டி விளக்கெண்ணெய் போட்டு நாற்பது நாள் நீவி நேராக்கினார். கட்டும் இல்லை, கத்தியும் இல்லை. பொறுமைதான் யாருக்கும் இல்லை.

எலும்புத்துறை மாணவன்
அந்தக் கால் கையால் தள்ளினால் அப்போதே நேராக வந்திருக்குமே? கருப்பையில் இடுங்கிப் படுத்ததால் திரும்பியிருக்கும் பாதம் அது. நீவினாலும் சரியாகும், நீவாவிட்டாலும் பெரும்பாலும் சரியாகும். உண்மையான வளைபாதத்தில் குதிகால் மேலே ஏறி இறுகியிருக்கும், தள்ளினால் வராது. கோவில்பட்டி அண்ணா, முதுகெலும்பையும் இடுப்பு மூட்டையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். வேறு நோயோடு சேர்ந்து வரும் வளைபாதம் இன்னும் பிடிவாதமானது, கட்டு கூடும்.

தறிக்காரன்
இடதுகால் ஐயா எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் எதுவும் தட்டச்சு செய்யவில்லை. அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. கால் திரும்பினால் எல்லாரும் ஒரே குரலில் "ஷூவைச் சரியாகப் போடவில்லை" என்கிறீர்கள். யார் போடுவது? வாரம் ஒரு நாள் மருத்துவமனை என்றால் இரண்டு பேர் கூலி போகும். ராத்திரி ஷிப்ட் முடிந்து காலை ஆறரைக்கு வருகிறவள், அழுகிற பிள்ளைக்கு மூன்று வாரும் மாட்டி, மறுபடி அழவிட்டுத் தூங்கவேண்டுமா? அமெரிக்க ஆராய்ச்சியில் எத்தனை சதவீதம் என்று போடுவீர்கள். அங்கே பாட்டி கழற்றிவிடவில்லை.

எலும்புத்துறை மாணவன்
அங்கேயும் கழற்றியிருக்கிறார்கள் அண்ணா. அயோவாவிலிருந்து 2004இல் வந்த கட்டுரையில் 157 குழந்தைகள். 98 சதவீதக் குழந்தைகளுக்குப் பாதம் நேரானது, 11 சதவீதம் பேருக்குப் பிறகு திரும்பியது. குழந்தை வந்த வயதோ கட்டின் எண்ணிக்கையோ அதற்குக் காரணம் இல்லை, ஷூ போடாததுதான் என்று எழுதியிருக்கிறார்கள். அத்தனை பேரிலும் பெரிய ஆபரேஷன் வரை போனது நாலே பேர். பெரிய ஆபரேஷன் செய்தாலும் கால் திரும்புவது உண்டு, அப்போது தழும்புக்குள் மறுபடி வெட்ட வேண்டும்.

நிலாவின் அம்மா
தறிக்காரன் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் வீட்டில் இருந்தேன், அதனால் முடிந்தது. கட்டு போடுகிற ஆறு வாரம் ஊரே விசாரிக்கும். ஷூ போடுகிற நாலு வருடம் யாரும் கேட்க மாட்டார்கள், "கால்தான் நேராகிவிட்டதே, இன்னும் ஏன் பிள்ளையை வதைக்கிறாய்" என்பதைத் தவிர. எனக்கு உதவியது ஒன்றுதான்: ஷூ இல்லாமல் தூக்கம் இல்லை, ஒருநாளும் விதிவிலக்கு இல்லை. காய்ச்சலிலும் சரி, திருவிழாவிலும் சரி. மூன்று நாலு நாள் அழுதாள். பிறகு இரண்டு காலையும் சேர்த்து உதைக்கப் பழகிவிட்டாள், கம்பி தொட்டிலில் இடிக்கிற சத்தம்தான் எங்களுக்கு அலாரம். தூளியில் கம்பி குறுக்கே மாட்டியதால் கட்டிலுக்கு மாறினோம்.

தொடை வரை கட்டியிருந்த காலில் கெண்டைச்சதை இன்றும் மெலிவுதான், செருப்பும் ஒரு அளவு சிறிது. அது போகாது என்று முதலிலேயே சொன்னார்கள். பாண்டி ஆடுகிறாள்.

செலவுக்கு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் வாரத்தில் ஒரு நாள் இதற்கென்றே பார்க்கிறார்கள். க்யூர் இந்தியா அமைப்பு சேர்ந்து நடத்தும் இடங்களில் ஷூவும் இலவசம்.

கோவில்பட்டி அப்பா (ஆறு வாரம் கழித்து)
மதுரையிலேயே ஆரம்பித்துவிட்டோம். ஐந்து கட்டு முடிந்தது. ஆறுக்கு எத்தனை என்று ஒவ்வொரு வாரமும் மதிப்பெண் போடுகிறார்கள், பிரானி மதிப்பெண்ணாம், குறையக் குறைய நல்லது. இரண்டு காலும் 5.5இல் தொடங்கி இப்போது 2. வியாழக்கிழமை தசைநாண் வெட்டு. மாமனார் இன்னும் பேசவில்லை, ஆனால் வாராவாரம் அவர் வண்டியில்தான் போகிறோம். அம்மா நீவுகிற ஆசையைத் தலைக்கும் வயிற்றுக்கும் எண்ணெய் தேய்த்துத் தீர்த்துக்கொள்கிறார். நாலாவது கட்டில் மஞ்சள் குங்குமம் வைத்து அனுப்பினார், நர்ஸ் அதை அவிழ்க்க யோசித்துக்கொண்டு நின்றார். இரண்டு காலுக்கும் ஷூ 70 பாகை வெளிப்பக்கம் திருப்பி வைப்பார்களாம். பார்க்கவே பயமாக இருக்கிறது.

தறிக்காரன்
நல்லது. ஷூ கொடுக்கும்போது குதிகாலுக்கு நேரே ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அதில் குதிகால் தெரிந்தால்தான் சரியாக உட்கார்ந்திருக்கிறது. சிவந்தால் இறுக்கம் என்று நினைத்து வாரைத் தளர்த்தாதீர்கள், தளர்ந்து உரசித்தான் புண்ணாகும். நடு வாரை ஒரு துளை இறுக்கிப் பாருங்கள், கொப்புளம் என்றால் உடனே காட்டுங்கள். தங்கை இதைத் தாமதமாகத்தான் கற்றாள்.

மருமகனுக்கு இப்போது ஆறு வயது, என் பைக் டேங்கில் ஏறினால் ஹாரனை விடமாட்டான். நான் கட்சி மாறிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஷூ வந்த அன்றே மாட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லி, உங்கள் அம்மாவையும் மதுரைக்குக் கூட்டிப்போங்கள்.