மறு: தொற்றுநீக்கிக்கு ‘எதிர்ப்பு’ பொருந்தவில்லை, ‘மசியாமை’ சரியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கோழிப்பண்ணைக் கிருமிகள் தொற்றுநீக்கி (கிருமிநாசினி) மருந்துக்குச் சாகாமல் நிற்பதை, ஆங்கிலத்தில் ‘ரெசிஸ்டன்ஸ்’ என்பதைக் ‘கிருமிநாசினி எதிர்ப்பு’ என்று சொல்லலாம் என்று முந்தைய மடலில் எழுதியிருந்தீர்கள். இரண்டு நாள் அதையே எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. ‘நோய் எதிர்ப்பு’ என்றால் எதிர்ப்பது நம் உடம்பு. ‘வரி எதிர்ப்பு’ என்றால் எதிர்ப்பது ஊர்ச்சனம். ‘கிருமிநாசினி எதிர்ப்பு’ என்று படிக்கிற பண்ணைக்காரர், மருந்து அடிக்கக் கூடாது என்று யாரோ சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார். எதிர்ப்பது கிருமி என்பது அந்தச் சொல்லில் எங்கேயும் இல்லை. ஆன்டிபயாடிக்குக்கு அதையே நீட்டினால் ‘நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு’ என்று வாயில் சிக்குகிறது.

போன வாரம் புதுவயல் பக்கம் சித்தப்பா பண்ணைக்குப் போயிருந்தேன். பிராய்லர் எல்லாம் வண்டியேறிவிட்டது, கொட்டகைத் தரையில் பரப்பியிருந்த உமிப்படுகையை, அதாவது ஆழ்கூளத்தை, அள்ளிக்கொண்டிருந்தார்கள். வாசலில் கால் நனைக்கிற தொட்டி. காலையில் நுரையோடு தெளிவாக ஊற்றிய மருந்துத் தண்ணீர், மதியத்துக்குள் தேநீர் நிறமாகி, மேலே உமியும் ஓர் இறகும் மிதந்தன. கேன் மூடிதான் அளவு. வாளி பெரிதானாலும் ஒரு மூடி, சிறிதானாலும் ஒரு மூடி. சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “முந்தி மாதிரி இல்ல ஆத்தா, எந்த மருந்துக்கும் மசிய மாட்டேங்குது.”

தேடிய சொல் அங்கேயே கிடைத்துவிட்டது. வேகாத பருப்பு மசியாது, பிடிவாதக்காரன் யாருக்கும் மசியமாட்டான். அடிபட்டும் இணங்காமல் நிற்பது என்கிற பொருள் அதில் முழுசாக இருக்கிறது, நிற்பது யார் என்ற குழப்பமும் இல்லை. ‘இயலாமை’, ‘பொறாமை’ போல ‘மசியாமை’. தொற்றுநீக்கி மசியாமை, மசியாக் கிருமி, மசியாமை மரபணு என்று எப்படித் திருப்பினாலும் நிற்கிறது. ‘மசி’ என்றால் மை என்ற பொருளும் உண்டு, ஆனால் எதிர்மறை வடிவில் அந்தக் குழப்பம் வராது. பேச்சுவழக்குச் சொல் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். பண்ணையில் புழங்கும் சொல் என்பதே அதன் பலம்.

ஆனால் ஒன்றை இதோடு கலக்கக் கூடாது. ஆய்வகத்தில் குறைந்த அளவு மருந்தில் பிழைத்து வளரும் கிருமி, புட்டியில் சொன்ன முழு அளவில் பெரும்பாலும் செத்துவிடும். அதையும் மசியாமை என்று எழுதினால் பண்ணைக்காரர் மருந்தின் மேலேயே நம்பிக்கை இழப்பார். அந்த அரைகுறை நிலைக்குத் ‘தாக்குப்பிடிப்பு’ என்று வைக்கலாம்.

தாக்குப்பிடிப்பு எப்படி நடக்கிறது என்பதை, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற எங்கள் பக்கத்துக் கமலைக் கிணற்றை வைத்துச் சொன்னால் புரியும். பண்ணைகளில் புழங்கும் ‘குவாட்’ (குவாட்டர்னரி அம்மோனியம்) வகைத் தொற்றுநீக்கியில் நேர்மின்னேற்றம் உண்டு. கிருமியின் மேலுறை எதிர்மின்னேற்றம் கொண்டது, அதனால் மருந்து அதில் ஒட்டிக் கிழிக்கும். சில கிருமிகளின் உறையில் உள்ள புரதங்கள் உள்ளே ஊறிவரும் மருந்தை வெளியே இறைத்துத் தள்ளுகின்றன. ஊற்று மெதுவாக இருந்தால் கமலை ஈடுகொடுக்கும். வெள்ளமாக வந்தால் ஈடுகொடுக்க முடியாது. சித்தப்பாவின் ஒரு மூடி மருந்து, கமலை ஈடுகொடுக்கிற ஊற்று. பிழைத்த கிருமிதான் பெருகும். அந்தப் புரதத்தைப் ‘பம்பு’ என்பதைவிட ‘இறைப்பி’ என்றால் என்ன?

எச்சம், கூளம், இறகு எல்லாம் மருந்தைக் குடித்துவிடும், கடினத் தண்ணீரிலும் குவாட்டின் வேகம் குறையும். ஆகவே தொட்டியில் கிருமி சாகவில்லை என்பதற்காக மட்டும் மசியாமை என்று முடிவுகட்டக் கூடாது. அழுக்கை வழித்துக் கழுவிவிட்டு அளந்து ஊற்றிய மருந்துக்கும் சாகாவிட்டால்தான் அந்தப் பேச்சு.

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம், இது கோழியோடு நிற்கிற விஷயம் இல்லை. ஜெர்மன் மருத்துவ ஆய்வாளர் கெர்ஹார்ட் டோமாக் 1935இல் குவாட் வகையைச் சேர்ந்த பென்சால்கோனியம் குளோரைடின் கிருமிக்கொல்லும் திறனை வெளியிட்டார். நோய்க்கிருமிகளுக்கு எதிராக உடம்புக்குள் கொடுக்கிற முதல் சல்ஃபா மருந்தான புரோன்டோசில் பற்றி அவர் வெளியிட்டதும் அதே ஆண்டுதான். இன்று பல கிருமிகளில், குவாட்டை இறைத்துத் தள்ளுவதோடு தொடர்புடைய குவாக் மரபணுவின் சிதைந்த வடிவம் ஒன்றும், சல்ஃபாவுக்கு மசியாத சல்-1 மரபணுவும் முதல் வகை இன்டெக்ரான் என்ற ஒரே மரபுத் துண்டில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒன்று வேறொரு கிருமிக்குக் கைமாறினால் மற்றதும் கூடவே போகும். இந்த நிலைக்கு ‘உடன்மசியாமை’ என்று எழுதியிருக்கிறேன்.

ஒரே இறைப்பி தொற்றுநீக்கியையும் ஆன்டிபயாடிக்கையும் சேர்த்து வெளியேற்றுவது வேறு சங்கதி, அதற்கு இன்னும் சொல் அகப்படவில்லை. ஆங்கிலத்தில் ‘கிராஸ் ரெசிஸ்டன்ஸ்’ என்பதை அப்படியே ‘குறுக்கு மசியாமை’ என்று போட மனம் வரவில்லை, குறுக்கே எதுவும் போகவில்லையே. பண்ணைக்காரர்களுக்கான துண்டுத்தாள் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

காரைக்குடியிலிருந்து,
அன்புடன்.