தூண்டிலில் கட்டும் ‘ஃப்ளை’ என்பதற்குத் தமிழ்: ஈயலா, பொய்ப்பூச்சியா, கட்டிரையா?

எடின்பரோ மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். ஸ்காட்லாந்தில் பழுப்பு டிரவுட் பிடிக்க அக்டோபர் 7 முதல் மார்ச் 14 வரை தடை. ஆற்றின் சரளைக்கல் படுகையில் அந்த மீன் முட்டையிடும் காலம் அது. அந்தக் குளிர்மாதங்களில் தூண்டில்காரர்கள் கருவிகளைச் செப்பனிடுவது பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தூண்டில் நூலை மென்மையான சோப்பு நீரில் துடைப்பது, பழைய நைலான் நுனியிழையைக் கழித்துப் புதிது முடிவது, சுருளியின் பிரேக்கைத் தளர்த்தி வைப்பது, மார்பளவு நீர்க்காப்பு உடைக்குள் இருட்டில் டார்ச் அடித்து ஓட்டை தேடுவது எல்லாம் தமிழில் வந்துவிட்டன. கையேட்டில் பாதி இடத்தைப் பிடித்திருக்கும் ‘ஃப்ளை’ மட்டும் வரவில்லை. கொக்கியின்மேல் இறகும் மயிரும் வைத்து நூலால் சுற்றிச் செய்யும் போலிப் பூச்சி அது. “குளிர்கால மாலைகளில் ஈ கட்டுவோம்” என்று எழுதினால் யாருக்குப் புரியும்? ‘ஈ ஓட்டுவது’ என்றால் வேலையற்று இருப்பது என்றல்லவா நம் வழக்கு?

தஞ்சாவூர்த் தமிழாசிரியர்:

அம்மா, தூண்டில் நமக்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படையில் பாண்மகன் கையில் ‘நெடுங்கழைத் தூண்டில்’ இருக்கிறது. நூலுக்கு ‘நாண்’, கொக்கிக்குக் ‘கொடுவாய் இரும்பின் மடிதலை’. இரையைக் கவ்விக்கொண்டு தப்பிய வாளை, பிறகு நீரோரப் பிரம்பின் நடுங்கும் நிழலைக் கண்டாலே வெருவுகிறது. டிரவுட்டும் கோலின் நிழலுக்கு அஞ்சும் மீன் என்று படித்திருக்கிறேன். ஆகவே கோல் ‘கழை’, நூல் ‘நாண்’, கொக்கி ‘மடிதலை’ என்று தயங்காமல் எழுதுங்கள். ஃப்ளைக்கு என் முன்மொழிவு ‘ஈயல்’. புறநானூற்றில் ‘செம்புற்று ஈயல்’ வருகிறது. முயல் முசல் ஆனதுபோல ஈயல் ஈசல் ஆயிற்று. ஈ, ஈயல் இரண்டும் ஒரே வேர் என்பது என் துணிபு. வண்டைக் குறிக்கும் ‘ஞிமிறு’ முதலியவற்றையும் இங்கே ஒப்புநோக்க வேண்டும். அதை அடுத்த மடலில் விரிக்கிறேன்.

திருச்சி உயிரியல் ஆசிரியை:

ஐயா, ஈயல் கறையானின் இறகு முளைத்த வடிவம், புற்றிலிருந்து வருவது. டிரவுட் தேடும் பூச்சிகளில் பெரும்பாலானவை ஆற்றடியில் இளம்பருவத்தைக் கழித்து மேலே வருபவை. அவற்றுள் புகழ்பெற்ற ‘மேஃப்ளை’ ஈயினமே அன்று. ஈக்கு இரண்டு இறக்கைகள். இதற்குப் பெரும்பாலும் நான்கு. பறக்கும் இறக்கை வந்த பிறகும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சி இது ஒன்றுதான். அந்தத் தோலுரிப்புக்கு முன்னும் பின்னுமான இரண்டு பருவங்களுக்கும் தனித்தனி ஃப்ளை கட்டுகிறார்கள். இறக்கை முளைக்காத நீரடிப் பருவத்துக்கும் உண்டு. இத்தனைக்கும் ‘ஈ’ என்றே எழுதினால் ஆங்கிலத்தின் பிழையைத் தமிழில் நட்டு நீர் ஊற்றியதாகிவிடும். ‘பொய்ப்பூச்சி’ போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

குன்னூர் வாசகர்:

மன்னிக்கவும், சற்று விலகிப் போகிறேன். எங்கள் நீலகிரிக்கு வானவில் டிரவுட் வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மீன்வளர்ப்பு வல்லுநர் எச். சி. வில்சனின் முயற்சியால். நீலகிரியின் அவலாஞ்சியில் மீன்முட்டைப் பொரிப்பகம் அமைந்தது. இந்த மீனை நாங்கள் இன்றுவரை டிரவுட் என்றே சொல்கிறோம். மீனுக்குக் கடன்சொல்லை ஏற்ற நாம் இரைக்கும் ‘ஃப்ளை’ என்றே எழுதினால் என்ன குறைந்துவிடும்?

தஞ்சாவூர்த் தமிழாசிரியர்:

மீன் பிற நாட்டிலிருந்து வந்தது, அதன் பெயரும் உடன் வந்தது. ஃப்ளையோ கையால் செய்யும் பொருள். செய்பொருளுக்குப் பெயரிட முடியாத மொழி என்று தமிழை எண்ண வேண்டாம்.

உயிரியல் ஆசிரியை சொன்னதால் ஈயலைக் கைவிடுகிறேன். ஆனால் பொய்ப்பூச்சியும் பொருந்தாது. சிறு மீனையும் நன்னீர் இறாலையும் போலச் செய்யும் ஃப்ளைகளும் உண்டே, அவை பூச்சியா? ‘இறகிரை’ என்று எண்ணினேன். முயலின் காதுமயிரை மட்டும் சுற்றிச் செய்வதும் இருக்கிறதாம். அப்படியானால் எல்லாவற்றுக்கும் பொது எது? நூலால் கட்டுவதே. ஏலியன் என்ற பழைய உரோம எழுத்தாளர் மாசிடோனியரின் மீன்பிடிப்பைச் சொல்கிறார்: கொக்கியில் செந்நிறக் கம்பளி சுற்றி, சேவலின் தாடிக்கு அடியில் வளரும் இரண்டு இறகுகளைப் பொருத்துவார்களாம். அன்றும் கட்டுதான். ஆகவே ‘கட்டிரை’. கட்டிய இரை, கட்டுகின்ற இரை, கட்டும் இரை: முக்காலமும் கரந்த வினைத்தொகை. ‘கட்டுக்கதை’யில் உள்ள பொய்ம்மையும் இதில் தொனிக்கிறது. குறள் ‘தூண்டிற்பொன்’ என்று சொன்ன வஞ்சனையும் இதுவே.

யாழ்ப்பாணத்து நூலகர்:

ஐயாவின் சொல் அழகானது. ஆனால் ‘கட்டிரை’யைப் பார்க்கும் கண் ‘கட்டுரை’ என்றே வாசிக்கும். மெய்ப்புத் திருத்துபவர் பிழையென்று எண்ணி மாற்றியும் விடுவார். “குளிர்காலத்தில் முப்பது கட்டுரை கட்டி வையுங்கள்” என்று அச்சானால் யார் பொறுப்பு? இன்னொன்று: மற்றத் தூண்டிலில் இரையின் எடை நூலை இழுத்துச் செல்லும், இதில் நூலின் எடைதான் எடையற்ற இரையைக் கொண்டு செல்கிறது. இந்த முறையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மீன்பிடி முறைக்கு ‘நாண்வீச்சு’ என்று பெயரிடலாம்.

எடின்பரோ மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. பொய்ப்பூச்சிக்கு நால்வர், கட்டிரைக்கு இருவர், ஃப்ளைக்கு ஒருவர் என்று தனிமடல்களையும் சேர்த்து எண்ணினேன். கையேட்டில் ‘பொய்ப்பூச்சி’ என்றே போடுகிறேன். செயலுக்குப் ‘பூச்சி கட்டுதல்’. பூக் கட்டும் விரல்களுக்கு அந்தச் சொல் அந்நியமாகாது. முறைக்குப் ‘பொய்ப்பூச்சித் தூண்டில்’. ‘நாண்வீச்சு’ மிகவும் பிடித்திருக்கிறது. கோலை வீசும் பயிற்சி பற்றிய இயலுக்கு அதையே தலைப்பாக்கிவிட்டேன். ‘மடிதலை’ மட்டும் வேண்டாம், ஐயா. துருப்பிடித்த கொக்கியை எறியச் சொல்லும் இடத்தில் வாசகர் அகராதி தேடக் கூடாது.

தஞ்சாவூர்த் தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்கு இணங்குகிறேன், உடன்படவில்லை. இறாலைப் போலச் செய்ததைப் ‘பொய்ப்பூச்சி’ என்று எந்தப் பக்கத்தில் எழுதப் போகிறீர்களோ, அந்தப் பக்கத்தின் அடிக்குறிப்பிலாவது ‘கட்டிரை எனவும் வழங்கலாம்’ என்று சேர்த்துவிடுங்கள். ஞிமிறு பற்றிய மடல் தனியே வருகிறது.