பள்ளத்தில் விழுந்து காரின் 17 அங்குல அலாய் சக்கரம் வளைந்தது, 16க்கு மாறலாமா?

கேள்வி: பல்லடம் சாலையில் ராத்திரி மழைத்தண்ணீர் நிறைந்த பள்ளம் தெரியாமல் இறக்கிவிட்டேனுங்க. 215/45 ஆர்17 டயரின் பக்கவாட்டில் முட்டை மாதிரி வீக்கம், அலாய் விளிம்பும் வளைந்துவிட்டது. 16க்கு மாறினால் தாங்குமா?

பதில்: இன்னும் நன்றாகத் தாங்கும் தம்பி. 215 மி.மீ. அகலத்தில் 45 சதவீதம் என்றால் பக்கச்சுவர் 97 மி.மீ.தான், 205/55 ஆர்16 போட்டால் 113 மி.மீ. வரும், சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான், அந்தக் கூடுதல் ரப்பரும் காற்றும் அடியை ரிம்முக்கு விடாமல் வாங்கிக்கொள்ளும். பிரேக் காலிப்பரில் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) ரிம் இடிக்குமா என்று முதலில் பாருங்க.

பதில்: அண்ணா, வீங்கிய டயரில் ஓட்டாதீங்க! உள்ளே நூல் அறுந்திருக்கும், ஒட்டுப்போட முடியாது, மாற்றியே ஆகணும்.

பதில்: காற்றழுத்தம் பார்த்தீங்களா? குறைவாக இருந்தால் எந்த டயரானாலும் ரிம்மோடு நசுங்கும்.