ஸ்பேனர் விளக்கை வீட்டிலேயே அணைக்கலாமா, கூடாதா?

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது ஹூண்டாய் ஐ20 பெட்ரோல் கார். சமீபத்தில் வீட்டுப் பக்கத்து மெக்கானிக்கிடம் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றையும் மாற்றினேன். வேலை திருப்தி. ஆனால் இக்னிஷன் போடும்போதெல்லாம் மீட்டரில் ஸ்பேனர் படத்தோடு சர்வீஸ் செய்யச் சொல்லி எழுத்து வருகிறது. மெக்கானிக்கைக் கேட்டால் "அது கம்ப்யூட்டர் வேலை சார், ஷோரூம்லதான் அணைக்கணும்" என்கிறார். மாமா, "நீயாகக் கையை வைக்காதே, வாரண்டி போய்விடும்" என்கிறார். வாரண்டி இன்னும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஸ்பேனர்14:
தாராளமாக நீங்களே அணைக்கலாம். கோளாறைப் படிக்கிற ஸ்கேனர் கருவி எதுவும் வேண்டாம். காரை நிறுத்தி இக்னிஷன் மட்டும் போடுங்கள். ஸ்டீயரிங்கில் இருக்கிற பட்டனால் மீட்டர் மெனுவில் யூசர் செட்டிங்ஸ் போய், சர்வீஸ் இன்டர்வல் என்பதைத் திறங்கள். ஓகே பட்டனை ஒரு நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பிக்கும். மாடலுக்கு மாடல் மெனு கொஞ்சம் மாறும், மேனுவலில் படத்தோடு இருக்கிறது.

அந்த மெனுவிலேயே இன்னொன்றையும் பாருங்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மாதம் என்று நீங்களே மாற்றிப் போடலாம். வேண்டாம் என்றால் மொத்தமாக ஆஃப் செய்தும் வைக்கலாம். உரிமையாளர் இஷ்டத்துக்கு மாற்றக் கொடுத்திருக்கிற ஒன்றைத் தொட்டால் வாரண்டி எப்படிப் போகும்? அந்த விளக்குக்கு ஆயில் கறுப்பா சிவப்பா என்று தெரியாது. ஓடிய தூரத்தையும் கடந்த நாளையும் எண்ணுகிறது, அவ்வளவுதான். பேட்டரி ஒயரைக் கழற்றினாலோ பேட்டரி இறங்கிப் போனாலோ அந்தக் கணக்கு தப்பாகலாம் என்று மேனுவலே எச்சரிக்கிறது.

தாமிரபரணி_டீசல்:
தம்பி ஸ்பேனர்14, நீங்கள் சொன்ன முறை சரிதான். ஆனால் "தாராளமாக" என்ற அந்தச் சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சர்வீஸ் சென்டரில் வண்டி வாங்கி வைக்கிற இடத்தில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். ஸ்பேனர் விளக்கைப் பார்த்துப் பத்து பேர் வண்டி கொண்டுவந்தால், அதில் பாதிப் பேரை உள்ளே இழுத்து வந்ததே அந்த விளக்குதான். அது கண்ணில் படாவிட்டால் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று ஓட்டிக்கொண்டே இருப்பார்கள்.

வைகைக்கரை ஆயில் மாற்றிவிட்டு அணைக்கிறார். அது நியாயம். ஆனால் இதைப் படிக்கிற எல்லோரும் அப்படி இல்லை. பட்டனை அழுத்தினால் விளக்கு போய்விடும் என்று தெரிந்துவிட்டால் ஆயில் செலவைத் தள்ளிப்போடுகிற ஆட்கள் நிறைய. பிறகு அந்த வண்டி கைமாறும். வாங்குகிறவர் மீட்டரைப் பார்த்து, அடுத்த சர்வீஸுக்கு ஒன்பதாயிரம் கிலோமீட்டர் இருக்கிறது என்று நம்புவார். உள்ளே ஆயில் தாராகக் கிடக்கும். அதனால் ரீசெட் செய்கிற வேலை வேலை செய்தவர் கையில், பில் போடுகிறவர் கையில் இருக்க வேண்டும் என்கிறேன்.

ஸ்பேனர்14:
அண்ணாச்சி, ஏமாற்றுகிறவனுக்காக ஒழுங்காக இருக்கிறவன் ஏன் அலைய வேண்டும்? ஒரு பட்டனை அழுத்த ஷோரூமுக்குப் போனால் நேராக பட்டனை அழுத்தி அனுப்புவதில்லை. ஜாப் கார்டு போடுவார்கள், அப்புறம் த்ராட்டில் பாடி க்ளீனிங், ஏசி டிஸ்இன்ஃபெக்ஷன் என்று பட்டியல் வரும். எல்லா இடமும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் தெரியாத ஆளிடம் அந்த விளக்கு ஒரு பயத்தை உண்டாக்குகிறது, அந்தப் பயத்தில் பில் ஏறுகிறது. இதைத்தான் உடைக்க வேண்டும் என்கிறேன்.

மெக்கானிக்கே "கம்ப்யூட்டர் வேலை" என்று நம்புகிறார் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் போலோவில் மீட்டரில் இருக்கிற 0.0 பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு இக்னிஷன் போட்டு, கையை எடுத்து, மறுபடி ஒரு தடவை அழுத்தினால் முடிந்தது. பல டொயோட்டா கார்களில் ட்ரிப் பட்டனைப் பிடித்தபடி இக்னிஷன் போட வேண்டும். அமெரிக்காவில் ஓடுகிற செவர்லே கார்கள் பலவற்றில், இன்ஜினை ஓட விடாமல் இக்னிஷன் மட்டும் போட்டு, ஐந்து நொடிக்குள் ஆக்ஸிலரேட்டரை மூன்று முறை முழுசாக மிதித்தால் ஆயில் கணக்கு புதுசாகிவிடும். எல்லாமே கம்பெனி மேனுவலில் எழுதியிருக்கிற முறைகள். உரிமையாளர் செய்யக்கூடாது என்றால் ஏன் அச்சடித்துக் கொடுக்கிறார்கள்?

டொரன்டோ_வேலன்:
ஒரு விஷயத்தில் ஸ்பேனர்14 சொன்னதை எல்லாக் காருக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் ஓட்டுவது ஹோண்டா சிவிக். இங்கே கனடாவில் விற்கிற ஹோண்டாக்களில் ஆயிலின் ஆயுளைச் சதவீதமாகக் காட்டும். அது வெறும் கிலோமீட்டர் கணக்கு இல்லை. இன்ஜின் எவ்வளவு சுற்றியது, எந்தச் சூட்டில் ஓடியது என்றெல்லாம் பார்த்து கம்ப்யூட்டர் கணிக்கிறது. குளிர்காலத்தில் இன்ஜின் சூடாகும் முன்பே கடைக்குப் போய்த் திரும்பினால் சதவீதம் வேகமாக இறங்குவதைக் கண்ணால் பார்க்கிறேன். 15 சதவீதத்துக்கு வந்ததும் ஸ்பேனர் விளக்கு எரியும், கூடவே ஏ1, பி1 என்று குறியீடு வரும். ஏ என்றால் ஆயில், 1 என்றால் டயர்களை இடம் மாற்றிப் போடுவது. விளக்கு வராவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள்.

அதனால் என் கட்சி இரண்டுக்கும் நடுவில் இல்லை, ஒரு பக்கம்தான்: ஆயில் மாற்றியவன் கண்டிப்பாக ரீசெட் செய்தே ஆக வேண்டும், வீட்டிலேயே. செய்யாமல் விட்டால் பழைய ஆயிலின் கணக்கே ஓடிக்கொண்டிருக்கும். நான் வீட்டு கராஜில் ஜாக் ஸ்டாண்டில் ஏற்றி நானே ஆயில் மாற்றுகிறேன், டிரெயின் போல்ட்டைத் திரும்ப முடுக்கிய கையோடு ரீசெட்டும் செய்துவிடுவேன்.

தாமிரபரணி_டீசல்:
வேலன் சொன்னதையே நான் டீசல் பக்கமிருந்து சொல்கிறேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு இந்தியாவில் டீசல் கார்களின் சைலன்சர் வரிசையில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேர்கிற கரியை எரிக்க இன்ஜின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். எரிந்து முடிவதற்குள் வண்டியை ஆஃப் செய்துவிட்டால், அந்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் அளக்கிற டிப்ஸ்டிக் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஆயில் குறையாது, கூடும். அதைப் பார்த்து "ஆயில் நிறைய இருக்கே" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு! நீர்த்துப்போன ஆயில் டர்போவைத் தின்றுவிடும்.

சில டீசல் கார்களில் இந்தக் கலப்பையும் கணக்கில் வைத்துத்தான் கம்ப்யூட்டர் ஆயில் மாற்றச் சொல்கிறது. அங்கே பத்தாயிரம் ஆகும் முன்பே விளக்கு வரலாம். "இது சும்மா கவுன்டர்தானே, இன்னும் கிலோமீட்டர் ஆகவில்லையே" என்று இந்தத் திரியைப் படித்தவர் அணைத்தால், கம்ப்யூட்டர் புது ஆயில் ஊற்றியதாக நினைத்துக்கொள்ளும். அடுத்த எச்சரிக்கை வர ரொம்ப நாள் ஆகும். அதனால்தான் "தாராளமாக" என்று எழுதாதீர்கள் என்றேன்.

ஸ்பேனர்14:
டீசல் விஷயத்தில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி அண்ணாச்சி. கேட்டவர் பெட்ரோல் ஐ20 என்று சொன்னதால்தான் அப்படி எழுதினேன். ஆனாலும், நீங்கள் சொல்வது ஆயில் மாற்றாமல் அணைக்கிறதைப் பற்றி. அதை இங்கே யாரும் சரி என்று சொல்லவில்லை.

கொங்கு_கேப்ஸ்:
நான் சில கார்களை டாக்ஸிக்கு விட்டிருக்கிறேன், அதனால் எனக்கு இது வேறு மாதிரி பிரச்சினை. பட்டன் உரிமையாளர் கையில் என்று பேசுகிறீர்கள். என் வண்டியில் பட்டன் டிரைவர் கையில் இருக்கிறது. விளக்கு எரிந்தால் சவாரி ஏறுகிறவர்கள் கேட்கிறார்கள் என்று டிரைவர் தம்பிகள் அணைத்துவிடுகிறார்கள். கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் எனக்குத் தகவல் வருவதில்லை.

அதனால் நான் மீட்டரை நம்புவதை விட்டுவிட்டேன். டாக்ஸி ஏர்போர்ட் வாசலில் ஏசி போட்டு மணிக்கணக்கில் நிற்கும். அந்த நேரத்தில் இன்ஜின் ஓடுகிறது, ஓடோமீட்டர் ஓடவில்லை. கிலோமீட்டரை மட்டும் எண்ணுகிற விளக்குக்கு அது தெரியாது. கடுமையான பயன்பாடு என்று மேனுவலில் ஒரு தனிப் பட்டியல் இருக்கும், பாருங்கள்: அதிக நேரம் ஐடிலில், அதாவது நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடுவது, குறுகிய தூரம், தூசி ரோடு, டாக்ஸி. இவற்றுக்கெல்லாம் சீக்கிரமே ஆயில் மாற்றச் சொல்லியிருக்கும். நம் ஊர் டிராஃபிக்கில் சொந்தக் கார் ஓட்டுகிற பாதிப் பேர் அந்தப் பட்டியலில்தான் வருவார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, ஓடோமீட்டர், என்ன ஆயில், எத்தனை லிட்டர். விளக்கு அணைந்திருக்கிறதா எரிகிறதா என்பது எனக்கு முக்கியமே இல்லை.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. வாரண்டி பற்றி யாராவது தெளிவாகச் சொல்லுங்கள். மாமா அதையேதான் கேட்கிறார்.

ஸ்பேனர்14:
2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது வழக்கு. வெளியே சர்வீஸ் செய்தார் என்பதற்காகவே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்கிற நிபந்தனை வைக்கக் கூடாது என்றும் அந்த ஆணையில் இருக்கிறது. ஹூண்டாய்க்கு 2015 ஜூலையில் தனி ஆணை, சுமார் 420 கோடி. பட்டனை அழுத்தியதற்கு வாரண்டி போகும் என்று மாமாவிடம் யார் சொன்னது?

தாமிரபரணி_டீசல்:
ஆணை வந்தது உண்மை. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனதும் உண்மை. அதை நம்பி ஒரு குடும்பஸ்தரைத் தைரியமாக இறங்கு என்று என்னால் சொல்ல முடியாது. நடைமுறையைச் சொல்கிறேன். விளக்கை அணைத்ததற்காக யாரும் வாரண்டியை மறுப்பதில்லை. ஆனால் இன்ஜினில் கோளாறு என்று போய் நின்றால் முதலில் கேட்பது சர்வீஸ் விவரத்தைத்தான். கம்பெனி சர்வீஸ் என்றால் தேதியும் கிலோமீட்டரும் அவர்கள் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கும். வெளியே செய்தால் நிரூபிக்கிற பொறுப்பு உங்கள் தலையில். ஆயில் டப்பா வாங்கிய பில், ஃபில்டர் பில், அதில் ஓடோமீட்டர் அளவு, மூன்றும் வேண்டும். காசைக் கொடுத்து "போதும் அண்ணே" என்று வந்துவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. வாரண்டி முடிகிற வரை அங்கேயே செய்துகொள்வது நல்லது என்பது என் கருத்து, மாறவில்லை.

இன்னொன்று. ஸ்பேனர் விளக்கையும் மஞ்சள் நிற இன்ஜின் படத்தையும் குழப்பிக்கொள்கிற ஆட்கள் நிறையப் பேர். இன்ஜின் படம் எரிந்தால் ஏதோ ஒரு கோளாறு பதிவாகியிருக்கிறது, அதை ஸ்கேனர் போட்டுப் படிக்க வேண்டும். சிவப்பு எண்ணெய்க் குடுவை எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். அது ஆயில் அழுத்தம். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தால் இன்ஜின் போய்விடும்.

டொரன்டோ_வேலன்:
பிரேக் விஷயத்தையும் சேர்க்கிறேன். பிஎம்டபிள்யூ போன்ற கார்களில் பிரேக் பேடுக்கும் இதே மெனுவில் ரீசெட் இருக்கிறது. ஆனால் பேடுக்குள் தேய்மான சென்சார் இருக்கும். அது அறுந்திருந்தால் நீங்கள் எத்தனை முறை அழுத்தினாலும் ரீசெட் ஏற்காது. புது சென்சார் போட்டால்தான் நடக்கும். ஆயிலுக்கும் அப்படி ஒரு காவல் இருந்தால் அண்ணாச்சியின் கவலை பாதி தீர்ந்துவிடும்.

வைகைக்கரை:
மெனுவில் பார்த்தேன். ஸ்பேனர்14 சொன்ன இடத்திலேயே இருந்தது. கொங்கு அக்கா சொன்னதை வைத்து, தினமும் கோரிப்பாளையம் நெரிசலில் ஓட்டுகிறவன் என்பதால் இடைவெளியைக் கம்பெனி சொன்னதைவிடக் குறைத்துப் போட்டுக்கொண்டு ரீசெட் செய்தேன். மெக்கானிக்கிடம் போய் ஆயில் பெயர், லிட்டர், ஓடோமீட்டர் அளவு எழுதி பில் கேட்டேன். முதலில் "எதுக்கு சார்" என்றார், பிறகு தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தாமிரபரணி_டீசல்:
நல்லது. அந்த பில்லை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எழுத்து நாளாக ஆக மங்கிவிடலாம். பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மீட்டரில் ஸ்பேனர் விளக்கு இல்லை என்பதைப் பார்க்காதீர்கள். ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள், கறுப்பாகக் களிம்பு படிந்திருந்தால் வேறு வண்டி தேடுங்கள். ரீசெட் விஷயத்தில் ஸ்பேனர்14 தம்பியோடு நான் இன்னும் ஒத்துப்போகவில்லை.

ஸ்பேனர்14:
நானும்தான் அண்ணாச்சி. வேலையை யார் செய்தாரோ அவர் அணைக்கட்டும், வீட்டில் செய்தால் வீட்டிலேயே. மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னீர்களே, அதைத் தனித் திரியாகப் போடுங்கள். பழைய கார் வாங்குகிற இடத்தில் எல்லோருக்கும் தேவைப்படும்.