சின்ன ட்ரெய்லர்ல ரெண்டாவது ராத்திரி ஃப்ரிட்ஜ் நின்னுடுது: பேட்டரியை மாத்தணுமா? (பெங்களூரு)

பானஸ்வாடி_ட்ரெய்லர்:

வணக்கம். கபினி, ஏற்காடு, ஊட்டின்னு மூணு நாலு நாள் பயணத்துக்கு ஓடுற 12 அடி ட்ரெய்லர். மொத்த எடை 700 கிலோ பக்கம். இழுக்கிறது பிஎஸ்6 டீசல் எஸ்யூவி.

உள்ளே இருக்கிறது: 150 ஏஹெச் (ஆம்பியர் ஹவர்) டியூபுலர் பேட்டரி (வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற அதே ரகம், 14 மாசம் ஆச்சு), கூரை மேல 200 வாட் பேனல், 20 ஆம்ப் பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் (பேனல்லேர்ந்து பேட்டரிக்கு ஏறுறதைக் கட்டுப்படுத்துற சாதாரண ரகம்), 50 லிட்டர் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ், எல்ஈடி லைட் மூணு, 12 வோல்ட் ஃபேன், தண்ணி பம்ப், லேப்டாப்புக்கு 600 வாட் இன்வெர்ட்டர். கார் ஓடும்போது சார்ஜ் ஏறணும்னு ட்ரெய்லர் சாக்கெட் வழியா 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர் வருது.

முதல் ராத்திரி ஒரு குறையும் இல்லை. ரெண்டாவது ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு ஃப்ரிட்ஜ் நின்னுடுது. ஆனா லைட் நல்லாவே எரியுது. பேட்டரி கடையில 200 ஏஹெச் லித்தியம் போடுங்கன்னு சொல்றாங்க. போடலாமா? இல்லை 1 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் போதுமா?

இன்னொண்ணு. 5 கிலோ கேஸ் சிலிண்டர் படுக்கைக்குக் கீழே பெட்டியில இருக்கு. அடுப்பு மஞ்சளா எரியுது, பாத்திரம் கரி பிடிக்குது. ஊட்டியில இன்னும் மோசம். ரெகுலேட்டரை மாத்தணுமா?

—

எஸ்பிரோடு_வயரிங்:

லைட் எரியுது, ஃப்ரிட்ஜ் மட்டும் நிக்குதுன்னா முதல்ல வயரைத்தான் சந்தேகப்படணும். கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜுக்குள்ளே வோல்டேஜ் குறைஞ்சா நிறுத்துற கட் ஆஃப் இருக்கு. அது பார்க்கிறது பேட்டரி முனையில இருக்கிற வோல்டேஜை இல்லை, தன் பிளக்ல வந்து சேர்ற வோல்டேஜை. லித்தியத்துக்குப் பணம் போடறதுக்கு முன்னாடி ஒரு மல்டிமீட்டரும் ஹைட்ரோமீட்டரும் (பேட்டரி ஆசிட்டோட அடர்த்தியை, அதாவது கிராவிட்டியை, அளக்கிறது) வாங்குங்க. ரெண்டும் எஸ்பி ரோட்டுலயும் ஜேசி ரோட்டுலயும் கிடைக்கும். இதையெல்லாம் அளந்து எழுதுங்க:

பேனல் பின்னாடி ஸ்டிக்கர்ல விஎம்பி, ஐஎம்பி (முழு பவர் தரும்போது வர்ற வோல்ட், ஆம்ப்) எவ்வளவு. ஃப்ரிட்ஜ் நின்ன அன்னைக்குக் காலையில, எல்லா லோடும் ஆஃப் பண்ணி ஒரு மணி நேரம் விட்டு, வெயில் ஏறும் முன்னாடி பேட்டரி வோல்டேஜும் ஆறு செல்லோட கிராவிட்டியும். கம்ப்ரஸர் ஓடும்போது பேட்டரி முனையில எவ்வளவு, அதே நேரம் ஃப்ரிட்ஜ் பிளக்ல எவ்வளவு. இன்ஜின் ஓடும்போது கார் பேட்டரியில எவ்வளவு, ட்ரெய்லர் பேட்டரியில எவ்வளவு. ஃப்ரிட்ஜோட பேட்டரி புரொடெக்ஷன் எச், எம், எல் (ஹை, மீடியம், லோ) மூணுல எதுல இருக்கு. ராத்திரி இன்வெர்ட்டர் சுவிட்சை அணைக்கிறீங்களா.

—

அல்சூர்_கேஸ்:

கேஸ் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது காத்திருக்கக் கூடாது. சிலிண்டர் படுக்கைக்குக் கீழே இருக்கவே கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படிந்து, தூங்குபவர் மட்டத்திலேயே தேங்கும். சிலிண்டருக்கு வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் தனிப்பெட்டி வேண்டும். அதன் அடித்தளத்தில் நேராகத் தரையைப் பார்த்து ஓட்டை இருக்க வேண்டும், சாமான் வைத்து அதை அடைக்கக் கூடாது. பெட்டிக்கும் படுக்கை அறைக்கும் நடுவில் குழாய் நுழையும் இடத்தைக் கூட சீல் செய்ய வேண்டும். ஓடும்போது சிலிண்டர் நிமிர்ந்தே நிற்கும்படி பட்டை போட்டு இறுக்குங்கள். பயணத்தில் ரெகுலேட்டர் ஆஃப்.

மஞ்சள் தீக்கு ரெகுலேட்டர் காரணமாக இருப்பது அபூர்வம். வீட்டு அடுப்புக்கான சாதாரண ரெகுலேட்டர் 30 மில்லிபார் அளவில் தரும், உங்கள் அடுப்புக்கு அதுதான் சரி. திருகி அழுத்தம் கூட்டும் ஹோட்டல் ரெகுலேட்டரை யார் சொன்னாலும் மாட்டாதீர்கள். மஞ்சள் தீ என்றால் கேஸுக்கு ஏற்ற காற்று கலக்கவில்லை என்று பொருள். ட்ரெய்லர் மாதக்கணக்கில் நின்றால் பர்னர் குழாய்க்குள் சிலந்தி வலை கட்டும், குளவி மண்கூடு வைக்கும். பர்னரைக் கழற்றி, குழாயைப் பாட்டில் பிரஷ்ஷால் தேய்த்துத் தட்டிக் கொட்டுங்கள். ஜெட்டை (கேஸ் வெளிவரும் சிறு துளையுள்ள முனை) கழற்றி ஸ்பிரிட்டில் ஊறவைத்து ஊதி எடுங்கள். ஊசி விடக் கூடாது. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் கேஸ் அதிகமாக வந்து அதே மஞ்சள் தீ நிரந்தரமாகிவிடும்.

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதிலிருந்து ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். அதே அளவு காற்றில் ஆக்சிஜன் குறைவு, வரும் கேஸ் அதிகமாகிப்போகிறது. ஜெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றுத் தகட்டைத் தீ நீலமாகும் வரை திறந்து வையுங்கள். பெங்களூர் திரும்பியதும் தீ பர்னரை விட்டுத் துள்ளினால் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். டிசம்பர் குளிரில் தீ மஞ்சளாகாமல் சிறுத்துப்போனால் அது வேறு விஷயம். எல்பிஜியில் இருக்கும் பியூட்டேன் 0 டிகிரி பக்கத்தில் ஆவியாவதையே நிறுத்திவிடும். அதற்காகச் சிலிண்டருக்குக் கீழே நெருப்போ ஹீட்டரோ வைக்கும் வழக்கம் உயிருக்கே ஆபத்து.

டியூப் ஐஎஸ் 9573 முத்திரை உள்ள ஆரஞ்சு சுரக்ஷா டியூப்பாக இருக்கட்டும், ஐந்து வருடத்தில் மாற்றுங்கள். வண்டி அதிர்வில் அது எங்காவது உரசிக்கொண்டிருக்கும், அந்த இடத்தைக் கண்டுபிடித்து ரப்பர் வளையம் போடுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர். சிலிண்டர் வாங்கும்போது வளையத்தில் உள்ள சோதனைத் தேதியைப் பாருங்கள். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், அப்படியே டி வரை. பி-27 என்றால் 2027 ஜூன் வரைதான். காலி எடையும் அங்கேயே அடித்திருக்கும். பெட்டி தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசில் மாட்டினால் மீதி எவ்வளவு என்று கிராம் கணக்கில் தெரிந்துவிடும். 2 கிலோவாட் பர்னர் முழுத்தீயில் மணிக்கு 150 முதல் 160 கிராம் எரிக்கும். காலியானால் முறையாக மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதற்குப் பிடித்துத் தரும் கடைகள் சட்டவிரோதம். நிரப்பும் அளவுக்கு அங்கே கட்டுப்பாடே கிடையாது. அளவு மீறி நிரப்பிய சிலிண்டர் வெயிலில் நிற்கும் ட்ரெய்லரில் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

—

பானஸ்வாடி_ட்ரெய்லர்:

ரொம்ப நன்றி சார். சிலிண்டரை வெளியே எடுத்தாச்சு. முன்பக்கம் தனிப்பெட்டி செய்யச் சொல்லியிருக்கு.

அளந்தது: பேனல் விஎம்பி 36.5 வோல்ட், ஐஎம்பி 5.48 ஆம்ப். காலையில பேட்டரி 11.8. கிராவிட்டி ஆறு செல்லும் 1.130 பக்கம். கம்ப்ரஸர் ஓடும்போது பேட்டரி முனையில 11.6, பிளக்ல 10.9. இன்ஜின் ஓடும்போது கார் பேட்டரி 13.4, ட்ரெய்லர் பேட்டரி 12.7. ஃப்ரிட்ஜ் எச்-ல இருக்கு. இன்வெர்ட்டர் எப்பவும் ஆன்தான்.

—

எஸ்பிரோடு_வயரிங்:

உங்க பேட்டரி நல்லா இருக்கு சார். ஆறு செல்லும் ஒரே அளவு இறங்கியிருக்கு. கெட்டுப்போன பேட்டரின்னா ஏதாவது ஒரு செல் மத்ததைவிட 0.030, 0.040 தள்ளி நிக்கும். டியூபுலர் முழு சார்ஜ்ல 1.240 பக்கம் காட்டும். 1.130ன்னா வெறும் பசி. அதுக்குச் சோறு போகலை.

ஏன் போகலைன்னா, பேனல் 36.5 வோல்ட் ரகம், அதாவது 24 வோல்ட் பேனல். பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் வோல்டேஜை ஆம்பா மாத்தாது, பேனலை அப்படியே பேட்டரியோட சேர்த்து விடும், அவ்வளவுதான். 5.48 ஆம்ப் × 13 வோல்ட் = 71 வாட். 200 வாட் பேனல் போட்டும் மிச்ச 129 வாட் எங்கேயும் வர்றதே இல்லை. நல்ல வெயில் நாள்ல 5 மணி நேரக் கணக்கு வெச்சாலும் 350 வாட் ஹவர்.

செலவு: ஃப்ரிட்ஜ் 55 வாட், பாதி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவா ஓடும், ஒரு நாளைக்கு 600 வாட் ஹவர். ஃபேன் 20 வாட் 10 மணி நேரம், 200. லைட் 60. பம்ப் 10. லேப்டாப், போன் 150. அப்புறம் சும்மா ஆன்ல நிக்கிற இன்வெர்ட்டர், 10 வாட்னு வெச்சாலே 24 மணி நேரத்துல 240. மொத்தம் 1,260. வரவு 350. நாளுக்கு 900 துண்டு விழுது. 150 ஏஹெச் பேட்டரியில மொத்தம் 1,800, லெட் ஆசிட்ல பாதிதான் எடுக்கலாம், அதுவும் 900. சரியா ரெண்டாவது ராத்திரி தீர்ந்துடும்.

இதுக்கு மேல பிளக்ல 0.7 வோல்ட் காணாமப் போகுது. ஃப்ரிட்ஜ் 5 ஆம்ப் இழுக்கும்போது 0.7 விழுதுன்னா வழியில 0.14 ஓம் இருக்கு. 1.5 ஸ்கொயர் வயர் போய்வர 10 மீட்டருக்கு 0.115 ஓம், மீதி சிகரெட் லைட்டர் சாக்கெட்டோட தளர்ந்த ஸ்பிரிங். அந்த சாக்கெட்டைத் தூக்கிப் போட்டுட்டு 6 ஸ்கொயர் வயர் நேரா ஃபியூஸ் பாக்ஸுக்கு இழுங்க, 0.15க்குள்ளே வந்துடும். எச் செட்டிங் கார் ஸ்டார்ட்டிங் பேட்டரியைக் காப்பாத்த வெச்சது, சீக்கிரமே நிறுத்திடும். எம்-க்கு மாத்துங்க. எல் வேண்டாம், அது பேட்டரியை அடிமட்டம் வரை உறிஞ்சும்.

கன்ட்ரோலரை 75 வோல்ட் 15 ஆம்ப் எம்பிபிடியா (மிச்ச வோல்டேஜை ஆம்பா மாத்துற ரகம்) மாத்துங்க. இதே பேனல் ஒரு நாளைக்கு 700 வாட் ஹவர் வரை தரும். ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் மேகம் இருக்கிறதால இதை எதிர்பார்க்காதீங்க. செட்டிங்ல ஃப்ளடட் பேட்டரி (தண்ணி ஊத்துற ரகம்), 14.4 வோல்ட். இன்வெர்ட்டரை வேலை முடிஞ்சதும் அணைங்க. இந்த ரெண்டே மாற்றத்துல துண்டு 900லேர்ந்து 320க்கு வந்துடும், மூணு நாள் தாங்கும்.

கார் சார்ஜிங் பத்தி. ட்ரெய்லர் லைட்டுக்கான 7 முனை 12என் சாக்கெட்ல சார்ஜுக்குன்னு முனையே கிடையாது. இண்டிகேட்டர், டெயில், பிரேக், ஃபாக், எர்த் அவ்வளவுதான். ஃபாக் லைட்டோட 2ம் முனையை யாரோ சார்ஜுக்குத் திருப்பியிருக்காங்க. எர்த் முனை பிரேக் லைட்டுக்கும் பொது. அந்த வழியா ஆம்ப் கூடினா பிரேக் லைட் மங்கும், பின்னாடி வர்றவருக்குத் தெரியாது. இப்போ உங்களுக்கு அதுல 5 ஆம்ப்கூட ஒழுங்கா ஏறலை. பிஎஸ்6 வண்டிகள்ல நிறைய ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர், கார் பேட்டரி நிறைஞ்சதும் வோல்டேஜை இறக்கிடும். ட்ரெய்லர்ல 20 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் (கார்லேர்ந்து குறைஞ்சு வர்ற வோல்டேஜை உயர்த்தி பேட்டரிக்கு ஏத்துறது), கார்லேர்ந்து அதுவரைக்கும் 16 ஸ்கொயர் வயர், பாசிட்டிவ் நெகட்டிவ் ரெண்டுமே தனியா, நடுவுல 50 ஆம்ப் ஆண்டர்சன் கனெக்டர். பந்துக் கொக்கி வழியா எர்த் வந்துடும்னு நம்பக் கூடாது. போய்வர 14 மீட்டர்னா 25 ஆம்புக்கு 16 ஸ்கொயர்ல 0.4 வோல்ட் விழும், 2.5 ஸ்கொயர்ல 2.4 விழும். இக்னிஷன் சிக்னல் வயரையும் கட்டாயம் கொடுங்க, இல்லேன்னா நிக்கிற கார் பேட்டரியை இது காலி பண்ணிடும்.

—

ஹெப்பால்_எல்எஃப்பி:

மேலே சொன்னதை ஒத்துக்கிறேன். ஒரு விஷயம் சேர்க்கணும். லித்தியத்தை இப்போ இருக்கிற வயரிங்கோட போட்டிருந்தா நிலைமை இன்னும் மோசம் ஆகியிருக்கும். எல்எஃப்பி (லித்தியம் பேட்டரியில ஒரு ரகம்) சும்மா இருக்கும்போதே 13.3 வோல்ட்ல நிக்கும். 13.4 தர்ற கார் அதுக்குள்ளே எதையும் தள்ள முடியாது.

வயரிங் சரியானதும் லித்தியத்துக்குப் போக வேற நல்ல காரணம் இருக்கு: எடை, வாயு. டியூபுலர் ஆசிட்டோட 50 கிலோவுக்கு மேல வரும். 700 கிலோ வண்டியில கொக்கி மேல விழுற எடையே 50 கிலோ பக்கம்தான் இருக்கணும், அதனால இந்தப் பேட்டரி அச்சுக்கு மேலதான் உட்காரணும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். மூடின பெட்டி, வெளியே போற குழாய் இல்லாம படுக்கிற இடத்துல வைக்கக் கூடாது. 100 ஏஹெச் எல்எஃப்பி 11லேர்ந்து 13 கிலோ, அதுல 1,000 வாட் ஹவருக்கு மேல தாராளமா எடுக்கலாம். உங்க டியூபுலர் தர்ற 900க்கு அதுவே போதும். 200 ஏஹெச் அவசியமே இல்லை. சார்ஜ் 14.2லேர்ந்து 14.4, ஈக்வலைஸ் (வோல்டேஜைக் கூட்டி செல்களைச் சமன் பண்றது) ஆஃப். லடாக் மாதிரி இடத்துல 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏத்தக் கூடாது.

அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல நிறுத்துறவங்க ஐசோலேட்டர் சுவிட்ச் (பேட்டரியை முழுசா துண்டிக்கிறது) போட்டே ஆகணும். ஸ்டீரியோ, அலாரம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்ப் எடுத்தாலே மாசம் 36 ஏஹெச். டியூபுலர்னா முழு சார்ஜ்ல, எல்எஃப்பின்னா பாதி சார்ஜ்ல விடுங்க. ஃப்ரிட்ஜ் கதவு திறந்தே இருக்கட்டும்.

—

பீன்யா_ஜென்செட்:

1 கேவிஏ ஜெனரேட்டர் வேண்டாம்னுதான் சொல்லுவேன். 15 ஆம்ப் சார்ஜர் பேட்டரிக்குத் தர்றது 210 வாட் பக்கம்தான். அதுக்காக அந்த 800 வாட் மிஷினைக் கால் லோடுல மணிக்கணக்கா ஓட்டுவீங்க. அப்படியும் வாங்கினா ஈ20 பெட்ரோலை (20% எத்தனால் கலந்தது) உள்ளே தங்க விடாதீங்க. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கும், கார்புரேட்டர்ல பசையா ஒட்டும். பயணம் முடிஞ்சதும் ஃப்யூயல் வால்வை மூடி, தானா நிக்கிற வரை ஓட்டி, கீழே பவுல் ஸ்க்ரூவைத் தளர்த்தி வடிச்சுடுங்க. முதல் ஆயில் 20 மணி நேரத்துல, அப்புறம் 100 மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஓடும்போது ட்ரெய்லரிலேர்ந்து 6 மீட்டராவது தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராம. உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் வேணும்.

ஹோம்ஸ்டே பிளக்ல கரண்ட் எடுக்கிறது இதைவிட நல்லது. ஆனா எர்த் இருக்கான்னு சாக்கெட் டெஸ்டர் சொருகிப் பார்த்துட்டு மாட்டுங்க. எர்த் இல்லாத பிளக்ல சார்ஜரை மாட்டினா ட்ரெய்லர் உடம்பைத் தொடும்போதே சுருக்குன்னு அடிக்கும். உள்ளே 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா துண்டிக்கிறது), 16 ஆம்ப் எம்சிபி (லோடு மீறினா துண்டிக்கிறது), வெளியே 2.5 ஸ்கொயர் மூணு கோர் கேபிள். சுத்தின கேபிளை முழுசா பிரிச்சு விடுங்க, சுருளா இருந்தா சூடாகி உருகும்.

—

பானஸ்வாடி_ட்ரெய்லர்:

எம்பிபிடி, டிசி-டிசி ரெண்டும் போடறேன். லித்தியம் இந்தப் பேட்டரி ஆயுசு முடிஞ்சதும் பார்க்கலாம். ஃபியூஸ் எவ்வளவு, எங்கே போடணும்?

—

எஸ்பிரோடு_வயரிங்:

கார் பேட்டரி பாசிட்டிவ்லேர்ந்து 20 செ.மீ.க்குள்ளே 40 ஆம்ப். டிசி-டிசியிலேர்ந்து ட்ரெய்லர் பேட்டரிக்குப் போற வயர்ல இன்னொரு 40, அது பேட்டரி பக்கமா இருக்கணும். ஷார்ட் ஆனா கரண்ட் பாயறது அங்கேருந்துதான். ஃப்ரிட்ஜ் வயருக்கு 15. பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவுல ஒரு டிசி ஐசோலேட்டர். மாட்டும்போது கன்ட்ரோலர்ல முதல்ல பேட்டரி வயர், அப்புறம்தான் பேனல் வயர். கழட்டும்போது பேனல் முதல்ல. வயர் முனையில மாட்டுற லக்கை ஹைட்ராலிக் கிரிம்ப்பர்ல அழுத்துங்க, கட்டிங் பிளையர்ல நசுக்கின லக் ரெண்டாயிரம் கிலோமீட்டர் அதிர்வுல தளர்ந்துடும். முதல் நாள் ஒரு மணி நேரம் ஓட்டிட்டு நிறுத்தி, ஒவ்வொரு லக்கையும் கையால தொட்டுப் பாருங்க. எது சூடா இருக்கோ அதை வெட்டிட்டு திரும்பப் போடுங்க.